திறந்து பார்க்க முடிகிற சோபா

சோபா வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பிறகு நிறம் பார்க்கிறார்கள், கடைசியில் விலை கேட்கிறார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தச் சோபா நான்காம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. புது ஃபோம் எதுவானாலும் முதல் ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். மட்டமான ஃபோம் இன்னும் கொஞ்சம் கூடுதல் சுகமாகவே இருக்கும். அதனால் இந்த அத்தியாயம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: இந்தச் சோபாவில் எந்தப் பாகம் முதலில் கெடும், கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா? சோபா என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். அடியில் மரச்சட்டம், நடுவில் ஸ்பிரிங்கும் ஃபோமும், மேலே துணி. ஒழுங்காகச் செய்த மரச்சட்டம் 20 ஆண்டுகூட உழைக்கும். நல்ல ஃபோம் எட்டுப் பத்து ஆண்டு வரும். நாள் முழுக்க ஆள் புழங்குகிற ஹாலில் துணி ஐந்தாறு ஆண்டைத் தாண்டினால் பெரிது. இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி, தைத்து, பின் அடித்து மூடிவிட்டால், முழுச் சோபாவும் துணியோடு சேர்ந்தே செத்துப்போகிறது. தெருவோரத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிற பழைய சோபாக்களைக் கவனித்தால் இது புரியும். பெரும்பாலும் சட்டம் சரியாகத்தான் இருக்கும்.

ஆக நீடித்து உழைக்கிற சோபா என்பதற்கு நான் வைக்கிற அடையாளம் இதுதான்: நீண்ட ஆயுள் கொண்ட பாகத்துக்கு அதிகப் பணம் போயிருக்க வேண்டும், குறைந்த ஆயுள் கொண்ட பாகம் கையோடு கழன்று வர வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், இருக்கையும் முதுகும் தனித்தனிக் குஷன்களாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் உறைக்கும் ஜிப் இருக்க வேண்டும், அடியில் இருக்கிற சட்டத்தைத் திருப்பிப் பார்க்க முடிய வேண்டும். இது புதுமையான யோசனையும் இல்லை. ஃபோம் வருவதற்கு முன் நம் வீடுகளில் இருந்த மர நாற்காலிகளும் சாய்வு பெஞ்சுகளும் இப்படித்தான் இருந்தன. இலவம்பஞ்சுத் திண்டு கட்டிபட்டுப் போனால் பிரித்து, கொட்டி, பஞ்சு அடித்து மறுபடி நிரப்பினார்கள். நாற்காலி அப்படியே இருந்தது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவும் பாலியூரித்தேனை உருவாக்கி, 1950-களில் அது மெத்தென்ற ஃபோமாகச் சந்தைக்கு வந்த பிறகுதான், மரமே கண்ணில் படாத அளவுக்கு முழுக்க மூடிய சோபாக்கள் மலிவாகப் பெருகின. வசதி கூடியது. கூடவே, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் பார்க்கிற வழியும் அடைபட்டது.

அந்த வழியைத் திறக்க ஒரு தராசு போதும். பயணப் பெட்டியை எடை போடுகிற கைத் தராசு பல வீடுகளில் இருக்கிறது. அதைக் கடைக்கு எடுத்துப் போங்கள். விற்பனையாளர் "32 டென்சிட்டி சார், 40 டென்சிட்டி மேடம்" என்று சொல்வதன் பொருள், ஒரு கன மீட்டர் ஃபோம் அத்தனை கிலோ எடை இருக்கும் என்பது மட்டும்தான். எண் கூடக்கூட ஃபோமில் காற்று குறைவு, பொருள் அதிகம். குஷனின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும். இரண்டடிக்கு இரண்டடி, ஐந்து அங்குல உயரம் உள்ள சாதாரண இருக்கைக் குஷனை எடுத்துக்கொண்டால், ஃபோம் 40 டென்சிட்டியாக இருந்தால் அது சுமார் 1.9 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் ஒன்றரைக் கிலோ. 18 என்றால் 850 கிராம்தான். ஜிப்பைத் திறந்து, உறையை உருவிவிட்டு ஃபோமை மட்டும் நிறுத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டியது 900 கிராம் காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. ஜிப்பே இல்லை, திறக்க முடியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

டென்சிட்டியை மெத்துமெத்துப்போடு குழப்பிக்கொள்வது வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, விற்கிறவர்களிலும் பலர் செய்கிற தவறு. டென்சிட்டி கூடினால் கல் மாதிரி இருக்கும் என்கிறார்கள். அப்படி இல்லை, ஒரே 40 டென்சிட்டியில் மிருதுவான ஃபோமும் செய்யலாம், இறுக்கமான ஃபோமும் செய்யலாம், அது ரசாயனக் கலவையைப் பொறுத்தது. உட்காரும்போது எவ்வளவு அமுங்குகிறது என்பது ஒரு குணம். ஆயிரம் முறை அமுங்கிய பிறகும் பழைய உயரத்துக்கு எழும்புகிறதா என்பது வேறு குணம். இரண்டாவதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு டென்சிட்டிக்கு. குறைந்த டென்சிட்டியில், ஃபோமுக்குள் இருக்கிற நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் மெல்லியவை. உட்காரும் எடையில் அவை வளைந்து, ஒடிந்து, ஒரு பக்கம் குழி விழுகிறது. உடல் சூடும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் ஃபோம் சீக்கிரம் தொய்வதற்கு இது ஒரு காரணம். எனவே தினமும் உட்காருகிற இருக்கைக்கு 32-க்குக் குறைவாக வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் பகல் முழுக்க அதிலேயே இருப்பார்கள் என்றால், அல்லது கனமான ஆட்கள் என்றால், 40 கேளுங்கள். கடைக்காரர்கள் ஹெச்.ஆர். ஃபோம் என்று சொல்வது எழும்பும் திறன் கூடிய வகை. பணம் இடம் கொடுத்தால் இருக்கைக்கு அதுதான் நல்லது. முதுகுக் குஷனுக்கு இதெல்லாம் தேவையில்லை. அதன்மேல் விழுகிற எடை குறைவு. 23, 28 போதும், கொஞ்சம் மிருதுவாக இருப்பதே நன்றாக இருக்கும்.

எடையை வைத்து மட்டும் ஏமாந்துவிடலாமே என்று கேட்டால், நியாயமான கேள்வி. சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து ஃபோமின் எடையை ஏற்றுகிற வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. வெட்டுத் துண்டுகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திச் செய்கிற ரீபாண்டட் ஃபோமும் மிகவும் கனமானது. இரண்டையும் கையால் கண்டுபிடிக்கலாம். ரீபாண்டட் பல நிறத் துணுக்குகளாக மிட்டாய்த் துண்டு போலத் தெரியும். அடித்தட்டாக ஒரு அங்குலம் இருந்தால் தவறில்லை, முழுக் குஷனே அதுவாக இருந்தால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தூள் கலந்த ஃபோமை வெட்டு விளிம்பில் விரலால் தேய்த்தால் நெறுநெறுவென்று உதிரும். உள்ளங்கையால் அழுத்தி விட்டால் சட்டென்று எழாமல் சோம்பலாக எழும். எடை சரியாக இருந்து, விளிம்பு உதிராமல் இருந்து, அழுத்திய இடம் உடனே எழும்பினால் அந்த ஃபோமை நம்பலாம்.

அடுத்தது சட்டம். சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஒன்றைச் சுற்றிலும் பின் அடித்து மூடியிருப்பார்கள். தூசு விழாமல் இருக்க என்பார்கள்; அது உண்மைதான், ஆனால் அது மறைப்பது தூசை மட்டும் அல்ல. ஒரு ஓரத்தில் நான்கைந்து பின்னைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மட்டமான சட்டத்தில் பட்டை கூட உரிக்காத பேக்கிங் பெட்டி மரமும், கண்கண்ணாக முடிச்சு விழுந்த ரீப்பரும், பலகை தீர்ந்துபோன இடத்தில் ஒட்டுப்போட்ட துண்டும், மூலைகளில் ஸ்டேப்ளர் பின்னை மட்டும் நம்பி நிற்கிற இணைப்பும் தெரியும். அழுத்திய மரத்தூள் பலகை இருந்தால் உடனே விலகிவிடலாம். ஈரம் பட்டால் அது ஊதி உதிர்ந்துவிடும், தினமும் தரை துடைக்கிற நம் வீடுகளில் ஈரம் படாமல் இருக்காது. நல்ல சட்டத்தில் நான்கு மூலையிலும் முக்கோண மரக்கட்டை வைத்து, பசை தடவி, திருகாணி முடுக்கியிருப்பார்கள். தேக்குதான் வேண்டும் என்பதில்லை. உள்ளே மறைகிற சட்டத்துக்குத் தேக்கு போடுவது வீண் செலவு. காய்ந்த வேங்கையோ வேம்போ, பூச்சி மருந்தேற்றிய ரப்பர் மரமோ போதும். பிளை என்றால் தண்ணீர் தாங்குகிற ரகமா என்று கேளுங்கள். மரைன் பிளை என்று விற்கப்படுவதில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். மரம் எதுவாக இருந்தாலும் சரியாகக் காயாததும் மருந்து காணாததும் உளுத்துவிடும். சோபாவின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்டத் தொடங்கினால் பூச்சி உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கவிழ்க்க விடமாட்டேன் என்கிற கடையில் இன்னொரு சோதனை செய்யலாம். மூன்று பேர் உட்காரும் சோபாவின் முன் கால் ஒன்றைத் தரையிலிருந்து அரை அடி தூக்குங்கள். அதற்குள் மறுமுனையிலுள்ள முன் காலும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். அது தரையிலேயே இருந்து, சட்டம் மட்டும் முறுக்கிக்கொண்டால், மூட்டுகள் பலவீனம். சட்டத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் இருப்பது பெல்ட்டா ஸ்பிரிங்கா என்பது அடுத்த கேள்வி. எலாஸ்டிக் பெல்ட் நெருக்கமாக, பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருந்தால் நன்றாகவே உழைக்கும். ஒரு திசையில் மட்டும் நான்கு பெல்ட்டை இழுத்து அடித்திருந்தால் இரண்டு ஆண்டில் தொங்கிவிடும். வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் ஸ்பிரிங் நீண்ட நாள் வரும், கடலோரத்தில் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத பூச்சு வேண்டும். கால்களின் உயரத்தையும் இங்கேயே பாருங்கள். தரையோடு தரையாக உட்கார்கிற சோபா படத்தில் அழகு. அதன் அடியில் துடைப்பம் போகாது, கரையான் வந்தாலும் தெரியாது. சென்னையில் 2015 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளத்தில் ஊறிவிட்டால் அதைக் காயவைத்து மீட்கவும் முடியாது. குறைந்தது நான்கு அங்குலக் கால் இருக்கட்டும்.

துணியைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை, ஏனென்றால் என் வாதத்தின்படி அது மாற்றப்படப் போகிற பொருள். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். லெதரெட், பி.யு. லெதர் என்ற பெயர்களில் விற்கப்படுவது பெரும்பாலும் துணியின் மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீர் அந்தப் படலத்தின் ரசாயனப் பிணைப்பையே வெட்டுகிறது. மூன்று நான்கு ஆண்டில் அது செதில் செதிலாக உரிந்து வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்கிறது. துடைப்பது சுலபம் என்பதற்காக இதை வாங்குகிறார்கள். உரியத் தொடங்கிய பிறகு துடைக்கத் துடைக்க இன்னும் உரியும். துடைக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால், பி.வி.சி. பூசிய கனமான ரெக்சின் அழகில் குறைந்தாலும் நம் வானிலையை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் வியர்க்கும். நெய்த துணி என்றால் மார்ட்டின்டேல் என்ற உராய்வுச் சோதனை எண்ணைக் கேளுங்கள். வீட்டுக்கு 20,000-க்கு மேல் இருந்தால் நல்லது. தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்டில் முதுகுக் குஷனின் மேல் விளிம்பு முதலில் கறுக்கும். அதனால்தான் அந்த உறை கழன்று துவைக்க வர வேண்டும் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இனி சுகம். நீடிக்கிற சோபா உடலுக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை, உடலுக்குப் பொருந்துவது என்பது பெரும்பாலும் சில அளவுகளின் விஷயம். கடைகளில் பரவலாக இருக்கிற பெரிய சோபாக்களின் அளவுகள் உயரமான மேலைநாட்டு உடம்புக்கு வகுத்தவை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ ஐந்தடி. 24 அங்குல ஆழமுள்ள இருக்கையில் ஐந்தடிப் பெண் முதுகைச் சாய்த்தால் கால் தரையில் படாமல் தொங்கும். காலை ஊன்றினால் முதுகு சாயாது. நிமிர்ந்து உட்கார 20 முதல் 22 அங்குல ஆழம் நம்மில் பெரும்பாலோருக்குச் சரி. செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், வீட்டில் வெறுங்காலோடுதான் இருக்கப் போகிறீர்கள். முதுகு ஒட்டியிருக்க, பாதம் முழுக்கத் தரையில் படிய, முழங்காலின் பின்புறத்துக்கும் குஷன் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இருக்கை 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், கையூன்றி எழக் கைப்பிடி உறுதியாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் அமுங்குகிற குஷன் அந்த உயரத்தை 16 ஆக்கிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வீட்டுக்கு வீடு உயரம் வேறுபடுமே, யாருக்காக வாங்குவது என்றால், அதில் அதிக நேரம் உட்காரப் போகிறவருக்காக. வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற உயரமான மகனுக்காக அல்ல. சம்மணமிட்டு உட்காருகிற பழக்கம் உள்ளவர்கள் அதையும் கடையிலேயே செய்து பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்கு ஆழத்தைவிட அகலமும், முன் விளிம்பு சரியாத உறுதியும்தான் முக்கியம்.

எல் வடிவச் சோபாவுக்கும் இதே அளவுகோல்தான், ஆனால் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. அதன் மூலை இருக்கை வாங்கும்போது ஒரு இருக்கை, புழங்கும்போது சாமான் வைக்கிற இடம். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்துவிட்டால் மூலையில் இருப்பவருக்குக் கால் நீட்ட இடமில்லை. பத்துக்குப் பதினான்கடி ஹாலில் ஆறு பேர் சோபா என்று வாங்கினால் வசதியாக உட்காருவது ஐந்து பேர்தான். தரையில் சாக்பீஸால் அதன் வடிவத்தை வரைந்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் கட்டாயம் துண்டுகளாகப் பிரிகிற, நீண்ட பக்கத்தை இடமும் வலமும் மாற்றிப் பூட்ட முடிகிற மாடலைத்தான் எடுக்க வேண்டும். அடுத்த வீட்டின் ஜன்னலும் டி.வி. பிளக்கும் எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்ட் கதவையும் அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எழுகிற முதல் எதிர்ப்பு, யார் இப்போது ஒரே சோபாவைப் பதினைந்து ஆண்டு வைத்துக்கொள்கிறார்கள் என்பது. ஆடித் தள்ளுபடியில் மலிவாக ஒன்றை வாங்கி, ஐந்து ஆண்டில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே. அலுத்துப்போவது உண்மைதான், அலுத்துப்போவது துணியின் நிறமும் வடிவமும், சட்டம் அல்ல. நம் ஊர்களில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: அநேகமாக எல்லாப் பேட்டையிலும் ஒரு குஷன் கடை உண்டு, உறை தைத்து ஃபோம் மாற்றித் தருகிற கை வேலைக்காரர் உண்டு. நல்ல சட்டத்துக்குப் புது உறை போடுகிற செலவு, அதே தரத்தில் புதுச் சோபா வாங்குகிற செலவில் சிறு பகுதிதான். மூடி ஒட்டிய சோபாவுக்கு அதே வேலைக்காரர் இரட்டைக் கூலி கேட்பார், சில சமயம் வேலையையே மறுப்பார். இரண்டாவது எதிர்ப்பு, தனிக் குஷன்கள் நழுவும், பார்க்க ஒழுங்காக இருக்காது என்பது. சரிதான். அடியில் வெல்க்ரோ பட்டை தைத்தால் பெருமளவு நிற்கும், முழுக்க நிற்காது. தினம் ஒரு முறை தட்டிச் சரிசெய்வது இந்த வகைச் சோபாவின் விலை. மூன்றாவது, பத்தாண்டு வாரண்டி தருகிறார்களே என்பது. வாரண்டித் தாளை வாசித்தால் அந்தப் பத்து ஆண்டு பெரும்பாலும் சட்டத்துக்கு மட்டும் என்று இருக்கும். ஃபோம் அமுங்குவதும் துணி நைவதும் இயல்பான தேய்மானம் என்று விலக்கப்பட்டிருக்கும். கெடப்போகிற பாகத்துக்கு இல்லாத வாரண்டி எதற்கு?

கடைசி எதிர்ப்புதான் வலுவானது: அப்படியானால் மரச் சோபா செட்டே போதுமே, மூடிய சோபா எதற்கு? எனக்கும் இதற்கு எதிராகச் சொல்ல அதிகம் இல்லை. வெளியே தெரிகிற மரச்சட்டம், அதன்மேல் ஐந்து அங்குலத் தனிக் குஷன் என்பது இந்த அத்தியாயம் கேட்கிற எல்லாவற்றையும் இயல்பாகவே தருகிறது. மூட்டு கண்ணெதிரே தெரியும், அடியில் காற்றோடும், வெயில் காலத்தில் முதுகு வியர்க்காது, உறையைக் கழற்றித் துவைக்கலாம். கைப்பிடியில் தலை வைத்துப் படுக்க முடியாது, நகர்த்த ஆள் வேண்டும், கட்டை விளிம்பில் குழந்தை இடித்துக்கொள்ளும். இவை உண்மையான குறைகள். ஹாலிலேயே படுத்து டி.வி. பார்க்கிற குடும்பம் மூடிய சோபாவை வாங்கட்டும், ஆனால் தனிக் குஷன் வைத்ததாக வாங்கட்டும். பெரியவர்கள் இருக்கிற வீடு, கடலோர வீடு, தினமும் நாலு பேர் வந்து போகிற வீடு என்றால் மரச் சோபாவே மேல். ஆசாரியிடம் சொல்லிச் செய்தால், குஷன் ஏற்றுவதற்கு முன் சட்டத்தைப் போய்ப் பார்ப்பதாக முதலிலேயே பேசிக்கொண்டு, பாதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.

எங்கே வாங்கினாலும், இருக்கைக்கும் முதுகுக்கும் ஃபோமின் டென்சிட்டி எவ்வளவு, சட்டம் என்ன மரம் அல்லது எந்த ரகப் பிளை, அடியில் ஸ்பிரிங்கா பெல்ட்டா, உறை எந்தத் துணி என்ற நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "நல்ல குவாலிட்டி" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. "40 டென்சிட்டி" என்று எழுதியதை எடை போட்டே நிரூபிக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நான்கையும் எழுதித் தர முடியாது என்று சொல்கிற கடையில், சோபா எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வாங்க வேண்டாம்.